வாங்குவோர் பக்கம்: ஜப்பான் பயணக் கேள்விகள்

கேள்வி: டோக்கியோவில் நான்கு இரவுகள், கியோட்டோவில் மூன்று, ஒசாகாவில் இரண்டு தங்கிவிட்டு, ஒசாகாவிலிருந்தே ஊர் திரும்புகிறோம். பயண முகவர் எங்கள் இருவருக்கும் ஏழு நாள் ரயில் பாஸைச் சேர்த்தே விலை சொல்கிறார். பாஸ் இல்லாமல் ஜப்பானில் நகரவே முடியாதாமே? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தாராளமாக முடியும். இதைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன்; ஆனால் இதே ஏமாற்றத்தைச் சொல்லும் கடிதங்கள் நிற்காததால் மீண்டும் விரிவாகவே சொல்கிறேன். 2023 அக்டோபருக்கு முன் இந்த ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் போய்த் திரும்பினாலே ஏறக்குறைய அந்தத் தொகை ஆகிவிடும் என்பதால், அப்போது எல்லோரும் யோசிக்காமல் அதை வாங்கினார்கள்; அது தவறும் அல்ல. அந்த அக்டோபரில் விலை ஒரேயடியாக 50,000 யென் ஆனது. விலை மாறியும் முகவர்களின் பேச்சு மாறவில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆற்றாமை.

உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். தொலைதூர ரயில் ஒன்றே ஒன்றுதான்: டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு, முன்பதிவு இருக்கையில், சுமார் 14,000 யென். கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்குச் சாதாரண ரயிலில் அரை மணி நேரம். கட்டணம் 600 யென்னுக்கும் குறைவு. ஒசாகாவிலிருந்து விமான நிலையம் செல்லும் ரயிலைச் சேர்த்தாலும் ஆளுக்கு 20,000 யென்னை எட்டாது. டோக்கியோவின் சுரங்க ரயில்களிலும் கியோட்டோவின் மாநகரப் பேருந்துகளிலும் அந்தப் பாஸ் செல்லாது. மிக வேகமான நொசோமி ரயிலில் ஏற வேண்டுமானால் பாஸ் வைத்திருப்பவரும் தனிக்கட்டணம் செலுத்த வேண்டும். ஹிரோஷிமா வரை போய் ஏழு நாளுக்குள் டோக்கியோவுக்கே திரும்புகிறவர்கள்கூட இன்று கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஒரு நகரில் இறங்கி இன்னொரு நகரில் விமானம் ஏறும் உங்கள் திட்டம் மிக நல்ல திட்டம். அதனால் மிஞ்சும் பணத்தைப் பாஸுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாஸ் நீக்கிய விலைப்பட்டியலை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு முகவரை நாடுங்கள்.

கேள்வி: கடைகளில் அட்டையைக் கொடுத்தால் ரூபாயில் கட்டவா, யென்னில் கட்டவா என்று இயந்திரம் கேட்கிறதாம். எதைத் தேர்ந்தெடுப்பது? (திருச்சி வாசகர்)

பதில்: எப்போதும் யென்.

கேள்வி: "பயணம் முழுவதும் சுத்த சைவம்" என்று எழுதிக் கொடுத்த நிறுவனத்துடன் சென்றோம். ஐந்தாம் நாள்தான் தினமும் கொடுத்த சூப்பு மீனில் செய்தது என்று தெரிந்தது. எழுபது வயதான என் தாயார் அதன் பிறகு பழமும் சோறும் மட்டுமே உண்டார். நிறுவனமோ, "கண்ணுக்குத் தெரியும்படி மீன் துண்டு எதுவும் இல்லையே" என்கிறது. (மதுரை வாசகி)

பதில்: அம்மா, உங்கள் தாயாருக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஜப்பானியச் சமையலின் அடித்தளமே தாஷி என்னும் சாறு. மாசிக் கருவாட்டைப் போல உலர்த்திய சூரை மீனைச் சீவி அதைக் காய்ச்சுவதே பெருவழக்கு. மிசோ சூப்பு, நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் அது இருக்கக்கூடும். சைவம் என்று உறுதியளித்து விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கடற்பாசியில் தாஷி காய்ச்சும் ஷோஜின் என்ற பௌத்த மடாலயச் சமையல் கியோட்டோவிலும் கோயா மலையிலும் கிடைக்கிறது; அவர்கள் அதை ஏற்பாடு செய்திருக்கலாம்.

எழுத்துப்பூர்வ வாக்குறுதி உங்கள் கையில் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், சேவைக் குறைபாடு என்று மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடர இடம் தருகிறது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஏப்ரல் 29 முதல் ஏழு நாளில் டோக்கியோ, ஹகோனே, கனசாவா, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒசாகா என ஆறு ஊர்களுக்கு விடுதி பதிந்துவிட்டோம். அலைச்சல் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. ரத்து செய்தால் பணம் திரும்பாது என்கிறார்கள். இது நியாயமா? (சென்னை வாசகர்)

பதில்: "ரத்து செய்தால் பணம் திரும்பாது" என்ற நிபந்தனையை ஒப்புக்கொண்டு, அதற்காகக் குறைந்த விலையையும் பெற்றுக்கொண்டீர்கள். இதில் விடுதிகளின் குற்றம் என்ன? நீங்கள் தேர்ந்தெடுத்த வாரமோ பொன்வாரம் என்ற தேசிய விடுமுறைத் தொடர். ஜப்பானே பயணத்தில் இருக்கும் நாட்கள் அவை. நொசோமி ரயில்களில் அப்போது முன்பதிவில்லா இருக்கையே கிடையாது. பணம் கட்டும் முன் நாட்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும். இனிச் செய்யக்கூடியது: ஹகோனேயையும் கனசாவாவையும் கைவிட்டு, அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ரயில் இருக்கைகளின் பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் தொடங்கும், அன்றே பதியுங்கள். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டி இருந்தால் அதை வைக்க இடமுள்ள இருக்கையைக் கேட்டுப் பதிய வேண்டும். தனிக்கட்டணம் இல்லை, பதியாமல் ஏறினால் 1,000 யென் கட்ட நேரிடும்.

கேள்வி: ஜப்பானிய ரைஸ் குக்கர் வாங்கி வரலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: நான் வாங்கி இழந்திருக்கிறேன். டோக்கியோவின் மின்சாதனக் கடைத்தெருவான அகிஹபாராவில் ஒரு கடையில் மிக அழகான ஒன்றை, வரி நீக்கிய விலையில் கிடைக்கிறதே என்று வாங்கினேன். வீட்டில் முதல் நாளே புகைந்து போயிற்று. அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட்; இங்கே 230. அடியில் ஒட்டியிருந்த தாளில் அது அச்சாகியிருந்தும் நான் படிக்கவில்லை. அந்தப் பணம் இன்றும் மனத்தை உறுத்துகிறது. மின்மாற்றி வைக்கலாம் என்பார்கள். ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் குக்கருக்கு ஈடுகொடுக்கும் மின்மாற்றி, குக்கரை விடக் கனமாக இருக்கும். வெளிநாட்டினருக்கென்றே 220 வோல்ட் வகைகளை விற்கும் பிரிவுகள் அதே அகிஹபாராவில் உண்டு. அந்த எண்ணை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: ஒசாகா மதுவிடுதியில் நாங்கள் கேட்காத ஒரு சிறு தட்டை வைத்து, ஆளுக்கு 400 யென் சேர்த்துவிட்டார்கள். மோசடிதானே? (பெங்களூரு வாசகர்)

பதில்: இல்லை. அதன் பெயர் ஓதோஷி. இருக்கைக் கட்டணத்துக்கு ஈடாக அங்கே வழங்கும் பழைய வழக்கம். வேண்டாம் என்றால் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.