கூரை வெட்டிய ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ்: கேள்வி பதில்

ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் கூப்பேயின் (இரு கதவு, நிலையான கூரை) கூரையை வெட்டி, 1986 முதல் 1988 வரை அதை மடக்கும் துணிக்கூரை கொண்ட கன்வெர்ட்டிபிளாக மாற்றித் தந்தது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் சின்சினாட்டியின் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் நிறுவனம். டல்லாஸில் சுடப்பட்டபோது அமெரிக்க அதிபர் கென்னடி சென்ற லிங்கன் காரை மாற்றியமைத்ததும் இவர்கள்தான். அந்த ஜாகுவாரை வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்டவை இவை.

சார், விற்பவர் 'ஹெஸ் வண்டி' என்கிறார். ஜாகுவாரே செய்த கன்வெர்ட்டிபிளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூரையை மடக்கச் சொல்லிப் பாருங்கள். ஹெஸ் வண்டியில் துணி உள்ளே நன்றாக இறங்கித் தட்டையாக உட்காரும். ஜாகுவார் 1988-இல் தானே வெளியிட்டதில் பின்னால் மூட்டை மாதிரி எழும்பி நிற்கும். அந்த இடத்தைப் பிடிக்கத்தான் ஹெஸ்காரர்கள் ஒரே பெட்ரோல் டேங்கை எடுத்துவிட்டு இரண்டாக வைத்தார்கள். 1983-இல் வந்த எக்ஸ்ஜே-எஸ்சி வேறு வகை; அதில் கதவுக்கு மேலுள்ள சட்டமும் நடுவில் குறுக்குக் கம்பியும் அப்படியே இருக்கும்.

அண்ணா, மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் ஒரு பக்கம், முன்கண்ணாடி ஒரு பக்கம் ஆடுகிறது. அடியில் குறுக்குச் சட்டம் போட்டால் நிற்குமா?

போடலாம், ஆனால் அது கடைசி வேலை. கூரை போனபின் முறுக்கைத் தாங்குவது தரையும், கதவுக்கடியில் இருபுறமும் ஓடும் பெட்டித் தகரமும்தான். அது உள்ளே அரித்திருந்தால் எதை மாட்டினாலும் வீண்.

சோதிப்பது எளிது. வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது கதவின் பின் விளிம்பில் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி மறுபடி அளந்து பாருங்கள். துளி மாறுவது கூரையில்லாத எந்த வண்டிக்கும் உண்டு. திறந்த கதவு மூட மறுத்தால் தகரம் போய்விட்டது என்று பொருள்.

தகரம் கெட்டியாக இருந்தால் ரப்பரைப் பாருங்கள்: பின் அச்சுத் தொகுதியை உடம்போடு பிடிக்கும் மவுண்ட்கள், முன் சப்ஃபிரேம் (முன் சக்கரத் தொகுதியைத் தாங்கும் சட்டம்) புஷ், ஸ்டியரிங் ரேக் புஷ். எண்ணெய் பட்டு ஊறிய பழைய ரப்பரை மாற்றினாலே பெரும்பாலான ஆட்டம் அடங்கிவிடுகிறது.

வெல்டிங் செய்வதானால் ஒரு எச்சரிக்கை. கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பிடித்த பிறகே பழைய தகரத்தை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்த நிலையிலேயே வண்டி ஒட்டிப்போகும். அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது.

டிக்கியில் பெட்ரோல் வாசனை. பழைய வண்டி என்றால் சகஜம்தானே?

சகஜம் இல்லை தம்பி, வண்டியை எடுக்காதீர்கள். இரண்டு டேங்கையும் இணைக்கும் ஹோஸ்கள், டிக்கிக்குள் இருக்கும் சின்ன சேகரிப்பு டேங்க், அதன் இணைப்புகள் என்று ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். அதே கையோடு பானெட்டையும் திறங்கள். வி12 என்ஜினில், V வடிவில் நிற்கும் இரு சிலிண்டர் வரிசைக்கு நடுவே, அடுப்பு மேல் வைத்ததுபோல, இன்ஜெக்டர் ஹோஸ்கள் கிடக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்காமல் கட்டையாக இருக்கிறதா? அத்தனையும் மாற்ற வேண்டியதுதான். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் இன்ஜெக்ஷன் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண கார்புரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஆகாது.

துணி கிழிந்துவிட்டது. ஆன்லைனில் எக்ஸ்ஜே-எஸ் கூரைத்துணி கிடைக்கிறதே?

அது ஜாகுவார் செய்த வண்டிக்கானது. ஹெஸ் சட்டத்தில் உட்காராது. கார் கூரை தைக்கும் ஆளிடம் கொடுத்து அளவெடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். கிழிந்த துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் அவருக்கு அளவு மாதிரி.

வி12 சூடாகிறது, இழுவையும் இல்லை. செவ்ரொலெ வி8 போட்டுவிடலாமா?

எனக்கு மனசு வரவில்லை. இழுவை குறைந்தால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தருவது) மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டரைக் கையால் சற்றுத் திருப்பி விட்டுவிடுங்கள். தானாகத் திரும்பி வரவில்லை என்றால் உள்ளே கிரீஸ் காய்ந்து, வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்கூட்டியே தரும் அட்வான்ஸ் அமைப்பு இறுகிவிட்டது. அதனாலேயே சூடும் ஏறும். அடுத்து ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். இலையும் தூசியும் பஞ்சாய் அடைத்திருக்கும். இவ்வளவும் செய்தபின்னும் சூடானால் என்ஜின் மாற்றும் பேச்சை எடுப்போம்.

அரிய வண்டியாயிற்றே, விலை ஏறுமா?

அரியது என்பதற்காக ஏறாது. கூரை, டேங்க் பாகங்கள் கிடைப்பது கடினம் என்பதால் வாங்குபவர் தயங்குவார். ஓட்டப் பிடித்திருந்தால் வாங்குங்கள்.