பதக்கத்தின் நடுவில் முனை: ரைனோ வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நகைப் பட்டறைக்காக பிளெண்டர் என்ற இலவச 3டி சாஃப்ட்வேரில் பதக்கம் வரைகிறேன். வெளிவளைவில் ஒரு பாதியை மட்டும் பெசியர் கர்வாக (புள்ளிகளை வைத்து வளைக்கும் கோடாக) வரைந்து, மறுபாதியைப் பிம்பமாக ஆக்கும் மிரர் மாடிஃபையர் போட்டால், இரு பாதியும் சேரும் இடத்தில் முனை துருத்துகிறது. 0.8 மி.மீ. கம்பி அங்கே நசுங்கியும் போகிறது. “இலவச சாஃப்ட்வேர் இப்படித்தான், ரைனோ வாங்குங்கள்” என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இந்தக் குறைக்காக வாங்க வேண்டாம். இதே பாதியை ரைனோவில் மிரர் செய்தாலும் இதே முனைதான் வரும்.

தவறு நடுப்புள்ளியின் ஹேண்டிலில், அதாவது வளைவின் திசையைத் தீர்மானிக்கும் கைப்பிடியில் இருக்கிறது. பாதி வளைவின் கடைசிப் புள்ளியான அது ஆட்டோ வகையில் இருந்தால் அதன் ஹேண்டில் பக்கத்துப் புள்ளியை நோக்கிச் சாயும். சாய்ந்த கோட்டின் எதிரே அதன் பிம்பத்தை வைத்தால் கூரை முகடுதானே கிடைக்கும்! ஹேண்டில் எக்ஸ் அச்சோடு படுத்திருக்க வேண்டும்.

ஆப்ஜெக்ட் மோடில் கன்ட்ரோல்+ஏ அழுத்தி ரொட்டேஷன், ஸ்கேல் இரண்டையும் அப்ளை செய்யுங்கள். ஆரிஜின் (பொருளின் ஆதாரப் புள்ளி) நடுக்கோட்டில் இருக்கட்டும். மிரர் அங்கிருந்துதான் அளக்கும். பிறகு எடிட் மோடில் நடுப்புள்ளியைத் தேர்ந்து, ‘N’ விசையால் திறக்கும் பேனலில் எக்ஸ் மதிப்பை 0 ஆக்குங்கள். வி அழுத்தி அலைண்ட் வகையைத் தேர்ந்தெடுங்கள். பிவட்டை (அளவு மாற்றும் மையத்தை) இண்டிவிஜுவல் ஆரிஜின்ஸுக்கு மாற்றி எஸ், ஷிப்ட்+எக்ஸ், 0, என்டர். முனை போய்விடும், வளைமானமும் இருபுறமும் தானாகவே ஒத்துப்போகும்.

நசுங்குவதற்குக் காரணம் வேறு. மிரரின் மெர்ஜ் தூரம் (இதற்குள் வரும் புள்ளிகள் ஒட்டிவிடும்) இயல்பாக 0.001 மீட்டர், அதாவது 1 மி.மீ. வீடு வரைபவருக்கு அது தூசு. நிஜ அளவில் வரையும் உங்கள் கம்பியிலோ, நடுக்கோட்டை ஒட்டிய வெர்டெக்ஸ்களை (மூலைப் புள்ளிகளை) அது இழுத்து ஒட்டிவிடும். 0.01 மி.மீ. ஆகக் குறையுங்கள்.

வார்ப்புக்கு அனுப்புவதென்றால் மிரர் மாடிஃபையரே வேண்டாம். கம்பியின் நுனிகளை மூடும் ஃபில் கேப்ஸ் போட்டிருந்தால் கம்பிக்குள் ஒரு சுவர் நிற்கும். நடுப்புள்ளி ஹேண்டிலின் இரு கைகளையும் ஒரே நீளமாக்கி, முழு வளைவையும் தேர்ந்து ஷிப்ட்+டி, ரைட் கிளிக். 3டி கர்சரை நடுவில் வைத்து அதையே பிவட்டாக்கி கன்ட்ரோல்+எம், எக்ஸ், என்டர். நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக உள்ள இரு புள்ளிகளையும் பாக்ஸ் போட்டுத் தேர்ந்து எஃப் அழுத்தினால் ஒரே வளைவாகும். அதில் ஒரு புள்ளியை அழிக்க மறக்காதீர்கள். விட்டால் அங்கே குட்டிச் சுருக்கு விழும்.

ரைனோவில் சிம்மெட்ரி கட்டளை தொடுகோட்டைத் தானே சரிசெய்யும். ஹிஸ்டரியை ஆன் செய்திருந்தால், ஒரு பாதியைத் திருத்தும்போது மறுபாதியும் மாறும். தினம் பத்து டிசைன் போடுபவருக்கு அது காசு பெறும். 90 நாள் சோதனைப் பதிப்பு இலவசம். கெடு முடிந்தால் சேவ் ஆகாது. அதில் உங்கள் பதக்கத்தையே வரைந்து பாருங்கள். பிறகு வாங்கினால் பில்லோடு, லைசென்ஸ் கீ உங்கள் கணக்கில் பதிவாவதைப் பார்த்துப் பணம் கொடுங்கள். பிளெண்டரில் செய்த நகையை விற்கத் தனி உரிமம் எதுவும் வேண்டியதில்லை.