கூத்து இல்லாத மாதங்கள்

வணக்கம் சார்,

நான் வந்தவாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. நண்பர்கள் நான்கு பேராகச் சேர்ந்து ஆறு வருடமாக மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு ஒரு சிறுகதைக் கூட்டம் நடத்துகிறோம். நான்கு பேர் என்பது பேச்சுக்குத்தான். மண்டபச் சாவி வாங்குவது, பேச வருகிறவரைப் பேருந்து நிலையத்தில் போய் அழைத்து வருவது, போண்டாவுக்குச் சொல்வது, நாற்காலியை எண்ணித் திருப்பிக் கொடுப்பது எல்லாம் என் தலையில். இங்கே முதல் கதை வாசித்த இரண்டு பெண்கள் இப்போது நன்றாக எழுதுகிறார்கள். அது பெரிய சந்தோஷம். ஆனால் நான் ஒரு கதை எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி தூக்கம் வருவதில்லை. போன மாதம் பேச்சாளர் வர முடியவில்லை என்று ஃபோன் செய்தபோது அப்பாடா என்றிருந்தது. உடனே அழுகையும் வந்தது. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாராம். நான் மாதம் ஒரு கூட்டத்துக்கே அலுத்துக்கொள்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடலாமா சார்?

ச.

*

அன்புள்ள ச.,

முதலில் செல்லப்பாவை ஒரு ஓரமாக உட்கார வைத்துவிடுவோம். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை இழுத்துக்கொண்டு போனார். தமிழ்ப் புதுக்கவிதைக்கு உட்கார ஒரு திண்ணை கிடைத்தது அங்கேதான். அதற்குக் கைக்காசை இழந்தார். அந்த மூட்டையைப் பற்றி நாம் உருகி உருகிப் பேசுகிறோம். அந்த வீட்டில் மாதக் கடைசியை யார் சமாளித்தார்கள் என்று கேட்பதில்லை. அவருடைய பெரிய நாவலான ‘சுதந்திர தாகம்’ அவர் எண்பதைத் தாண்டிய பிறகுதான் அச்சில் வந்தது. அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 2001இல். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் மீது எனக்கு உள்ள மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஓர் அபூர்வப் பிடிவாதக்காரரை அளவுகோலாக வைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் இருப்பது கூத்து நாடு. எனக்கும் சொந்த ஊர் செய்யாறு பக்கம்தான். சின்ன வயதில் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு, பாயும் போர்வையுமாகப் போய் முன்வரிசையில் படுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிந்துதான் முடியும். கட்டை வேஷக்காரர், அதாவது ராஜா வேஷம் கட்டுகிறவர், தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை எல்லாம் கட்டிக்கொண்டு, உச்சக் குரலில் பாடியபடியே கிறுகிறுவென்று சுற்றுவார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். மனிதன் எப்படித் தாங்குகிறான் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பெரியவனானதும் ஒரு நாள் மேளக்காரர்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. அவர் ஒரு அடி பாடி நிறுத்துகிறார். பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது பாட்டு. ஆடுகிறவருக்கு அது உயிர். நடுவில் கட்டியங்காரன் வந்து ஊர்வம்பு பேசிச் சிரிக்க வைக்கும் நேரத்தில் அடுத்த வேஷக்காரர் திரைக்குப் பின்னால் ஒரு டீ குடித்துவிடுவார்.

உங்கள் கூட்டத்தில் பின்பாட்டு இல்லை. அடியை நீங்களே பாடி நீங்களே வாங்கிக்கொள்கிறீர்கள்.

இன்னொன்று, கூத்துக்குக் காலம் உண்டு. பங்குனி, சித்திரையில் சூடு பிடித்து ஆடி, ஆவணி தாண்டிப் போகும். ஐப்பசியில் மழை இறங்கியதும் அடங்கிவிடும். திறந்தவெளி ஆட்டம், வேறு வழியில்லை. ஓய்வு என்று நான் சொன்னால் கூத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களில் பலருக்கு அது கூலி வேலைக்குப் போகிற மாதம், கையில் காசு சுருங்குகிற மாதம். உடம்புக்கு ஓய்வில்லை. தொண்டைக்கு மட்டும் உண்டு. ஆனால் அந்த மாதங்களில் கூத்து செத்துவிட்டது என்று எந்த ஊரிலும் யாரும் சொல்வதில்லை. ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு போய் அடுத்த கூத்துக்கு அச்சாரம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். நான் அப்படி ஒரு தடவை விட்டவன். ஏழு வருடம் ஓர் இலக்கிய வட்டத்தைத் தனியாளாக இழுத்தேன். ஒரு மாலை, டீயில் சர்க்கரை அதிகம் என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். மைக்கை மேஜை மேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். அந்த மனிதருக்குச் சர்க்கரை வியாதி என்று பிறகு தெரிந்தது. மூன்று நண்பர்களோடு இன்றுவரை பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்து எழுதவும் முடியவில்லை. அவர்களிடம் பேச வேண்டிய பதில்களைத்தான் ஒரு வருடம் மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் கசப்பான விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ‘நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது’ என்று அலுத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. எனக்கு இருந்தது. உதவிக்கு வந்தவர்களிடமெல்லாம் ‘நீ செய்தால் சரியாக வராது’ என்று சொல்லி நானே செய்தேன். பிறகு யாரும் வருவதில்லை என்று புலம்பினேன். உங்கள் மூன்று நண்பர்கள் சோம்பேறிகளா, அல்லது சாவியை நீங்கள் கொடுக்கவே இல்லையா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கூட்டம் கிடையாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் மழை என்று சொல்லுங்கள், போதும். தையில் இரண்டாம் ஞாயிறு மறுபடி கூட்டம் என்று அதே வாயால் தேதியும் சொல்லிவிடுங்கள். தேதி சொல்லாமல் நிறுத்தினால்தான் ஊர் வேறு மாதிரிப் பேசும். தைக் கூட்டத்தை நன்றாக எழுதுகிற அந்த இரண்டு பெண்களும் நடத்தட்டும். நாற்காலி குறையும், போண்டா ஆறிப்போய் வரும், நன்றியுரையில் யார் பெயராவது விட்டுப்போகும். நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எழுந்து போய்ச் சரிசெய்யாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

அந்த மூன்று மாதத்தில் கதை எழுதியே தீருவேன் என்று மட்டும் சபதம் போடாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி தூங்குங்கள். ஞாயிறு பதினோரு மணிக்கு எழுந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. கதை வந்தால் வரட்டும்.

தைக் கூட்டத்துக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். எனக்கு வழி தெரியும்.

அன்புடன்.