வீட்டுக் குப்பையில் மக்கு உரம்: கேள்வி பதில்

தாம்பரம்: ஐயா, 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் காய்கறிக் கழிவு போடுறேன். பத்து நாளில் சாக்கடை நாற்றம். என்ன செய்ய?

வாளியின் அடியில் ஓட்டை இருக்காது என்று நினைக்கிறேன். காய்கறித் தோலில் பெரும்பங்கு தண்ணீர்தான். அது அடியில் தேங்கினால் காற்று புகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி நாறும். அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை, பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் வரிசையாக ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். முதலில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு. பிறகு ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. தோல் எதுவும் வெளியே தெரியக் கூடாது. வாரம் இரண்டு முறை அடிமுதல் கிளறுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் சருகு சேருங்கள், பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். இருப்பதை வீசிவிடாதீர்கள். சாக்கில் பரப்பி அரை நாள் ஆறவிட்டு, சருகு கலந்து திரும்ப நிரப்பலாம். சருகை மட்டும் யாரும் எரிக்காதீர்கள், கிடைப்பதே அரிது.

திருச்சி: சீக்கிரம் மக்கச் சுண்ணாம்பு தூவலாமா சார்?

கூடாது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அம்மோனியாவாகப் பறந்துவிடும். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாலும் அப்படித்தான். புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளியுங்கள்.

நாகர்கோவில்: சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளியுது. பூச்சிமருந்து அடிக்கவா?

வேண்டவே வேண்டாம். கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு அது. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், செடியைத் தொடாது. பிடிக்கவில்லையென்றால் சருகைக் கூட்டுங்கள், குறையும்.

பொள்ளாச்சி: சருகுக்கு ஏன் அலையணும்? தேங்காய் நார்க்கழிவு போதாதா?

ஈரத்தை நன்றாக உறிஞ்சும், நாற்றத்தையும் அடக்கும். மக்குவதுதான் சிரமம். எளிதில் மக்காத லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதி, தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் (கார்பன்) 100 பங்குக்கு மேல். நல்ல குவியலுக்கு 30 போதும். காய்கறி கரைந்த பிறகும் நார்த்தூள் அப்படியே கிடக்கும். அதைத் தொட்டியில் போட்டால் அங்குள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும்.

பொள்ளாச்சி: நர்சரி நாற்றெல்லாம் அதில்தானே வளருது!

வேர் பிடிக்க மட்டுமே அது; சத்தைத் தனியாக ஊற்றுகிறார்கள். நார்க்கழிவை மக்க வைக்க டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்க்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தானாக மக்குமானால் இவ்வளவு எதற்கு?

சேலம்: அப்போ கட்டியாக வாங்கி வைத்தது வீணா அண்ணா?

இல்லை. ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள், உப்பு போகும். பாதி அது, பாதி சருகு.

கடலூர்: எங்க வாளியும் நாறுது.

முதல் பதில். ஓட்டை, சருகு, பிழிந்து பார்ப்பது.

மதுரை: புழு வந்திருக்கு, என்ன மருந்து?

மருந்தே கூடாது. நாகர்கோவிலுக்குச் சொன்னதுதான்.

வேலூர்: தயாரானதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசம் வரும். சந்தேகமிருந்தால் ஈரமாக ஒரு பிடியைக் கவரில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் புளித்த வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை. அரைகுறை உரம் வேரைக் கெடுக்கும். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு போதும்.

தஞ்சாவூர்: மீன் கழிவு போடலாமா?

வாளியில் வேண்டாம், எலியும் பூனையும் வரும். தென்னையிலிருந்து நான்கடி தள்ளி ஒன்றரை அடிக் குழியில் புதையுங்கள்.