டேப்பைத் தூக்கி எறியாதீர்கள்

அன்புள்ள ஐயா,

2005 மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் மினி டிவி (MiniDV) என்னும் சிறு டிஜிட்டல் டேப் கேமராவில் எடுத்த காட்சியைக் கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினேன். மறைந்த என் அப்பா கூட்டத்தில் நடந்து வரும்போது அவருடைய தோள் விளிம்பு ரம்பப் பல் போலத் தெரிகிறது. கேமரா கோளாறு, டேப்பும் இனித் தேவையில்லை என்கிறார் கடைக்காரர். செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் சரியாகுமா? புதிதாக எந்தக் கேமரா வாங்கலாம்?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

படத்தை ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். பின்னால் இருக்கும் கம்பம் நேராக நிற்க, நடக்கிற அப்பாவின் தோளில் மட்டும் பல் தெரிந்தால் கேமராவில் குறையே இல்லை. அசையாத சாய்கோடுகளும் படிக்கட்டு போலிருந்தால்தான் அது வேறு நோய். சிறிய படத்தை முரட்டுத்தனமாகப் பெரிதாக்கினால் அப்படி வரும்.

என் அப்பா அம்மாப்பேட்டையில் தறி நெய்தவர். ஒரு மிதிக்குப் பாவு நூல்கள் ஒன்றுவிட்டு ஒன்று மேலெழும், நாடா ஓடும், அடுத்த மிதிக்கு மற்றவை எழும். நம் நாட்டில் விற்ற மினி டிவி கேமராவும் அப்படித்தான் படத்தை நெய்தது: 576 கோடுகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 கோடுகளை ஒரு கணத்திலும், மீதி 288 கோடுகளை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதிந்தது. பழைய குழாய்த் தொலைக்காட்சி இரண்டையும் அடுத்தடுத்தே காட்டியதால் கண்ணுக்குப் பிசிறு தெரியவில்லை. கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால், அந்த இடைவேளையில் அப்பா நகர்ந்த தூரம் பல்லாகத் தெரிகிறது.

ஆகவே ஒரே படத்துக்குள் உங்கள் அப்பாவின் இரண்டு கணங்கள் இருக்கின்றன. இதைக் கோளாறு என்று சொன்னவரிடம் டேப்பைக் கொடுத்துவிட்டு, வந்த கோப்பு எந்த அளவில் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் இருந்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கோடுகளைப் பிரிக்காமல் 576-ஐ 720-ஆகவோ 1080-ஆகவோ நீட்டியிருந்தால் இரண்டு கணங்களும் ஒன்றோடொன்று குழைந்துபோயிருக்கும். பிறகு அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. அந்தக் கோப்பின்மீது எந்த மென்பொருளை ஏவினாலும் பல்தான் இன்னும் கூர்மையாகும்.

என் அக்காவின் திருமண டேப்பை நானும் ஒரு கடையில்தான் கொடுத்தேன். பல்லை நீக்குவதற்காக ஒரு வரிசைக் கோடுகளையே எறிந்துவிட்டு, எஞ்சியதை நீட்டித் தந்தார்கள். டேப் வீடு மாறியபோது தொலைந்தது. ஒரு படத்தில் அட்சதை அப்பாவின் விரல்நுனியில் இருக்கிறது. அடுத்த படத்தில் கை வெறுமையாக விரிந்திருக்கிறது. அரிசி விரலைவிட்டுப் பிரிந்த கணம் எறியப்பட்ட வரிசையில் இருந்தது. நெய்த துணியில் ஒன்றுவிட்டு ஓர் இழையை உருவிய வேலை அது.

டேப்பை ஃபயர்வயர் (டிஜிட்டல் பதிவை அப்படியே கணினிக்கு அனுப்பும் கம்பி) இணைப்புள்ள கேமராவில் ஓட்டி, எதையும் மாற்றாமல் அப்படியே நகலெடுக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். அந்த நகலை இரண்டு இடங்களில் வையுங்கள். பார்ப்பதற்கான பிரதியை எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்னும் இலவச மென்பொருளில், இரண்டு கணங்களையும் பிரிக்கும் பிடபிள்யூடிஃப் (bwdif) வடிகட்டியில், கீழ்க்கோடுகள் முதலில் (bottom field first) என்று குறித்து, நொடிக்கு 50 முழுப் படங்கள் வரும்படி எடுங்கள். வரிசையை மாற்றிக் குறித்தால் அப்பா முன்னும் பின்னுமாகத் துள்ளுவார். அதை வைத்தே தவறைக் கண்டுகொள்ளலாம். விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். புதுக் கேமராவைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஏற்காட்டு ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடித்துவிடும். சேலத்தில் உறவினர் வீடு இருந்தால் இந்த வாரமே அங்கே கொண்டுபோய், உலர்ந்த அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.