தடித்த அகராதியா, விளங்குகிற அகராதியா?

கேள்வி: வணக்கம் சேர். நாங்கள் புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். மூத்தவள் இந்த முறை ஓ.எல். எடுக்கிறாள், சின்னவன் எட்டாம் ஆண்டு. சீட்டுக்காசில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், வீட்டுக்கு ஒரு பெரிய ஆங்கில அகராதி வாங்க வேண்டும். எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும், ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் போதுமாக இருக்க வேண்டும். கடையில் ஒன்றின் அட்டையில் இரண்டு இலட்சத்துக்கு மேல் என்று போட்டிருந்தது. அதையே எடுக்கலாமா?

பதில்: அம்மா, அந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். அட்டையில் போடுகிற தொகை பெரும்பாலும் தனியே சொற்களை எண்ணியது இல்லை. கன்சைஸ் ஒக்ஸ்போர்ட் அகராதியின் 12ஆம் பதிப்பு (2011) 240,000 என்று சொல்கிறது. அது சொற்கள், சொற்றொடர்கள், பொருள் விளக்கங்கள் மூன்றையும் சேர்த்த கணக்கு. ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருந்தால் பத்தும் அதற்குள் வந்துவிடும். ஒவ்வொரு பதிப்பகமும் தன் வழியில் எண்ணுவதால் ஒன்றின் தொகையை இன்னொன்றோடு வைத்துப் பார்த்துப் பயனில்லை.

எல்லாச் சொல்லும் உள்ள அகராதி என்று கேட்டால், அதற்குக் கிட்ட வருவது முழு ஒக்ஸ்போர்ட் அகராதி. 1989இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். அது நூலகத்துச் சாமான், வீட்டுக்குச் சரிவராது.

வீட்டுக்கு வாங்கும் அகராதிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்காகச் செய்தது. கன்சைஸ் ஒக்ஸ்போர்ட், கொலின்ஸ், சேம்பர்ஸ் எல்லாம் அந்த வகை. மற்றது, நம்மைப் போல வேறு மொழி பேசிக்கொண்டு ஆங்கிலம் படிக்கிறவர்களுக்காகச் செய்தது. ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ், லோங்மன் கன்டெம்பொரரி, கேம்பிரிட்ஜ் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ், கொலின்ஸ் கோபில்ட் ஆகியவை இதில் சேரும். இரண்டாவது வகையில் சொற்கள் குறைவு. ஆனால் உங்கள் மகளுக்கு வேண்டியது அதுதான்.

ஏன் என்று ஒரு சொல்லை வைத்துச் சொல்கிறேன். 'அட்வைஸ்' என்ற சொல் எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். தமிழில் 'ஆலோசனைகள்' என்று சொல்லிப் பழகியதால், ஆங்கிலத்திலும் அதன் பின்னால் 'எஸ்' சேர்த்து எழுதிவிடுவார்கள். நான் திருத்திய கட்டுரைகளில் இந்தப் பிழையைச் சிவப்புப் பேனையால் எத்தனை தரம் வெட்டியிருப்பேன்! கற்பவர்களுக்கான அகராதியில் அந்தச் சொல்லின் பக்கத்திலேயே 'யூ' என்று ஒரு சின்னக் குறி இருக்கும். இதை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது, பன்மை கிடையாது என்று அர்த்தம். கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இருக்கும். பெரிய அகராதிகள் பலவும் இதைச் சொல்லாமலே விட்டுவிடும். இங்கிலாந்தில் பிறந்த பிள்ளை அந்தப் பிழையை விடாது, ஆகையால் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. 'பொரோ', 'லெண்ட்' என்ற சோடியும் அப்படித்தான். நாம் இரண்டையும் 'இரவல்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவோம். யார் வாங்குகிறார், யார் கொடுக்கிறார், பின்னால் எந்த முன்னிடைச்சொல் ('பிரிபொசிஷன்') வரும் என்பதெல்லாம் கற்பவர் அகராதியின் வாக்கியங்களில்தான் தெளிவாகத் தெரியும்.

உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு. கற்பவர் அகராதிகள் எல்லாத் தலைச்சொல்லுக்கும் உச்சரிப்புக் காட்டும். கன்சைஸ் ஒக்ஸ்போர்ட்டோ சிரமமான சொற்களுக்கு மட்டும்தான் காட்டும், சாதாரணச் சொற்களுக்கு இராது. தடித்த புத்தகம் என்று நம்பி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் பலர் இதைக் கவனிக்கிறார்கள்.

எது வாங்குவது? லோங்மன் தன் விளக்கங்களை ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள் எழுதுகிறது. ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் பெரும்பாலும் 3,000 சொற்களுக்குள் எழுதுகிறது. சின்னவனும் பாவிப்பான் என்றால் லோங்மன் அவனுக்குக் கொஞ்சம் இலகு. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு நான் ஒக்ஸ்போர்ட்டையே சொல்வேன். முதலில் படிக்க வேண்டிய முக்கியமான சொற்களுக்குப் பக்கத்தில் அதில் ஒரு திறப்புப் படம் போட்டிருக்கும், எது முக்கியம் என்று பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கலாம். 10ஆம் பதிப்பு 2020இல் வந்தது. 2015இல் வந்த 9ஆம் பதிப்பு குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ஓ.எல்., ஏ.எல். பொது ஆங்கிலம் இரண்டுக்கும் அது தாராளம்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கடைக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போன கிழமை அவளுக்கு விளங்காமல் போன மூன்று சொற்களைத் துண்டில் எழுதி வரச் சொல்லுங்கள். அகராதியைக் கையில் கொடுத்து அந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கத்தை வாசித்துவிட்டு அவள் தமிழில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். விளக்கத்திலேயே இன்னும் இரண்டு சொல் விளங்கவில்லை என்றால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

இன்னும் இரண்டு விஷயம். 'வெப்ஸ்டர்' என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்காவில் அந்தப் பெயரை எந்தப் பதிப்பகமும் தன் அகராதிக்கு வைக்கலாம். நல்லது மெரியம்-வெப்ஸ்டர் வெளியிடுவது. ஆனால் அது அமெரிக்க எழுத்துக்கூட்டல், நம் பாடசாலைகளில் பிரித்தானிய முறை. அதோடு அவர்களின் கொலீஜியேட் அகராதியின் 11ஆம் பதிப்பில் (2003) ஒரு சொல்லின் பழைய பொருள்தான் முதலில் வரும். முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிற பிள்ளை தவறான பொருளை எடுத்துக்கொண்டு போய்விடும். அடுத்தது, ஒக்ஸ்போர்ட் அகராதியில் 'ரியலைஸ்' போன்ற சொற்களில் 'எஸ்' வரும் இடத்தில் 'இஸட்' முதலில் இருக்கும். அது அமெரிக்க முறை என்று ரீச்சர் பிழை போட்டால், பக்கத்திலேயே 'எஸ்' வடிவமும் கொடுத்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் சரி. பரீட்சையில் ஒன்றையே கடைசி வரை எழுதினால் போதும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தபாலதிபர், வவுனிக்குளம் பக்கம். எங்கள் கமக்காரர் அமைப்புக்கு ஆங்கிலத்தில் வருகிற கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வது. அப்பா காலத்து 'சேம்பர்ஸ் ருவென்டியத் சென்சுரி' அகராதி ஒன்று வீட்டில் இருந்தது. 2009 இடம்பெயர்வில் அதுவும் போய்விட்டது. இப்போது அந்தப் பெயரில் தேடினால் இல்லை என்கிறார்கள். அதற்கு நிகராக எதை வாங்கலாம்?

பதில்: ஐயா, உங்கள் அகராதி இன்னும் வருகிறது, பெயர்தான் மாறிவிட்டது. 1901இல் தொடங்கிய அந்தப் புத்தகம் 1988இல் 'சேம்பர்ஸ் இங்கிலிஷ் டிக்‌ஷனரி' என்று வந்தது. 1993இலிருந்து 'த சேம்பர்ஸ் டிக்‌ஷனரி'. 13ஆம் பதிப்பு 2014இல் வெளியானது. இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்களுக்குக் கற்பவர் அகராதியைச் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்பது வாசிக்கிறவருக்கான அகராதி. நீர்ப்பாசனக் கடிதங்களில் 'டாங்க்', 'பண்ட்', 'ஸ்லூஸ்', 'அனிகட்' என்று வரும் இல்லையா? இந்த நான்கையும் வைத்தே அகராதியைச் சோதிக்கலாம். 'டாங்க்' என்றால் தண்ணீர்த் தாங்கி, யுத்த தாங்கி இரண்டையும் எல்லா அகராதியும் சொல்லும். நம் ஊரில் அது குளம். இரணைமடுவும் முத்தையன்கட்டும் ஆங்கிலத்தில் 'டாங்க்'தான். தெற்காசியாவில் குளத்துக்கும் இந்தச் சொல் வழங்கும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். 'பண்ட்' நம் குளக்கட்டு. 'அனிகட்' சேம்பர்ஸில் உண்டு. அது நம்முடைய 'அணைக்கட்டு' ஆங்கிலத்துக்குப் போன வடிவம். இப்படிப் போன சொற்கள் பல. 'கட்டமரான்' கட்டுமரத்திலிருந்து, 'செரூட்' சுருட்டிலிருந்து, 'முலிகடானி' மிளகுதண்ணீரிலிருந்து போனவை. பெரிய அகராதிகளில் சொல்லின் பிறப்பைச் சதுர அடைப்புக்குள்ளோ கடைசி வரியிலோ கொடுத்திருப்பார்கள், தமிழ் என்று அங்கே அச்சில் பார்க்கலாம். கற்பவர் அகராதியில் இந்தச் சுவை பெரும்பாலும் கிடைக்காது.

'ஸ்லூஸ்' பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அச்சான ஆங்கிலம்–தமிழ் அகராதியில் அதற்கு 'மதகு' என்று இருக்கும். நம் ஆட்கள் 'துருசு' என்பார்கள். கூட்டத்தில் 'மதகு' என்று வாசித்தால் பாதிப் பேருக்கு விளங்காது. ஆங்கில விளக்கத்தையே வாசித்தால், தண்ணீர் போகிற வழியைக் கதவு வைத்துக் கட்டுப்படுத்துகிற அமைப்பு என்று வரும். உடனே உங்களுக்குத் துருசு என்று பிடிபட்டுவிடும். இரு மொழி அகராதி வேண்டாம் என்று சொல்லவில்லை. லிப்கோ போல ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் அதையே முதன்மையாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

சேம்பர்ஸில் ஒரு சிரமம், நீங்கள் பழகியவர், உங்களுக்குத் தெரியும்: ஒன்றோடொன்று தொடர்புள்ள சொற்களை ஒரே தலைச்சொல்லுக்குக் கீழே அடுக்கிவிடுவார்கள். பேரப்பிள்ளைகளும் எடுத்துப் பார்ப்பார்கள் என்றால் கன்சைஸ் ஒக்ஸ்போர்ட் தேட இலகு. ஊர்ப் பெயர், ஆட்களின் பெயர் எல்லாம் சேர்ந்து வேண்டுமானால் கொலின்ஸ். உங்களுக்காக மட்டும் என்றால் பழைய சிநேகிதனையே வாங்குங்கள். வாங்கும் முன் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, கடை வாசல் வெளிச்சத்தில் நின்று, ஒரு பக்கத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். இந்த அளவு அகராதிகளில் எழுத்து மிகச் சின்னன்.

கேள்வி: சேர், கிளிநொச்சியில் இந்த அகராதிகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. அசலா நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தம்பி, பாதி விலை என்றதுமே சந்தேகப்படத்தான் வேண்டும். ரூபாய் விழுந்த பிறகு வெளிநாட்டுப் புத்தகங்களின் விலை ஏறியது உண்மை, அதனால்தான் நகலுக்கும் ஆள் கூடியிருக்கிறது. நானும் ஒருமுறை ஏமாந்தேன். பயணத்தில் பாதையோரக் கடை ஒன்றில் அவசரமாக வாங்கினேன். வீட்டில் வந்து விரித்தால் 'எஃப்' எழுத்தின் நடுவில் பதினாறு பக்கம் இரண்டு தரம் இருந்தது, அடுத்து வர வேண்டிய பதினாறு பக்கம் இல்லவே இல்லை. உச்சரிப்புக் குறிகளில் இரண்டு புள்ளி எங்கே, ஒரு புள்ளி எங்கே என்று தெரியவில்லை. நெடில் குறில் பார்க்க முடியாத உச்சரிப்பு இருந்தென்ன பயன்?

ஆகவே மூன்று இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் வழிகாட்டிச் சொல் இருக்கும். கட்டை விரலால் புரட்டிக்கொண்டே அகர வரிசை எங்காவது குதிக்கிறதா என்று பாருங்கள். உச்சரிப்புக் குறிகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒக்ஸ்போர்ட், லோங்மன் கற்பவர் அகராதிகள் நிறத்தில் அச்சானவை, தலைச்சொல் கறுப்பில் மங்கலாக இருந்தால் நகல். தெற்காசியாவில் மட்டும் விற்பனைக்கு என்று போட்ட மலிவுப் பதிப்பு வேறு விஷயம். அது அசல்தான், தாள் சற்று மெல்லிது. அதை வாங்கலாம்.

பாவித்த அசல் புத்தகம் கிடைத்தால் அதுவும் நல்லது. உள்ளே இருக்கிற இணையக் குறியீட்டை முதல் சொந்தக்காரர் பாவித்திருப்பார், அதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள். செப்டெம்பரில் கொழும்பில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு யாராவது போனால் சொல்லிவிடுங்கள், கழிவு விலையில் அசலே கிடைக்கும்.

கேள்வி: போனில் அகராதி இலவசமாக இருக்கும்போது எதற்குப் புத்தகம்? (வவுனியா, ஏ.எல். மாணவி)

பதில்: நல்ல கேள்வி, பிள்ளை. ஒக்ஸ்போர்ட், லோங்மன், கேம்பிரிட்ஜ் மூன்றின் கற்பவர் அகராதிகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், உச்சரிப்பைக் காதால் கேட்கவும் செய்யலாம். அதில் புத்தகம் தோற்றுத்தான் போகும். உன்னிடம் சொந்தப் போன் இருந்து, வீட்டில் காசு இறுக்கம் என்றால் புத்தகம் வாங்காதே. ஆனால் பல வீடுகளில் போன் ஒன்றுதான், அதுவும் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். மேசையில் அகராதி கிடந்தால் வீட்டில் நான்கு பேரும் எடுப்பார்கள். ஒரு சொல்லைத் தேடும்போது மேலும் கீழும் உள்ள சொற்கள் கண்ணில் படும், நான் கற்றதில் பாதி அப்படிக் கற்றதுதான்.

கேள்வி: வாங்கிய அகராதியைக் கறையான் தின்றுவிட்டது. அடுத்ததை எப்படிக் காப்பது? (ஒட்டுசுட்டான்)

பதில்: சுவரோடு ஒட்டிய மர றாக்கையில் வைக்க வேண்டாம், கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிய மேசையிலோ இரும்பு அலுமாரியிலோ வையுங்கள். மாரியில் பொலித்தீன் பையில் கட்டி மூடாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். எல்லாவற்றையும் விட, தினமும் கை படுகிற இடத்தில் வையுங்கள். கறையான் புற்றெடுக்கத் தொடங்கினால் அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும்.