மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 42, வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். ஆறு மாதமாக அவ்வப்போது மலத்தில் ரத்தம் வருகிறது. மூலம்தான் என்று மருந்துக் கடையில் ஆயின்ட்மென்ட் வாங்கிப் போடுகிறேன். நிற்கிறது, திரும்ப வருகிறது. அப்பாவுக்கு 54 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி என்றாலே கூச்சமாக இருக்கிறது. மலப் பரிசோதனை மட்டும் போதாதா?

பதில்: போதாது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான சோதனை. உங்களுக்குத்தான் கண்ணெதிரிலேயே வருகிறதே, அதை லேபில் கொடுத்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?

மூலமாகவே இருக்கலாம், உங்கள் வயதில் பெரும்பாலும் அதுதான். ஆனால் ஒருவருக்கே மூலமும் இருக்கலாம், மேலே குடலில் கட்டியும் இருக்கலாம். வெளியே வரும் ரத்தத்தைப் பார்த்து எது எங்கிருந்து வருகிறது என்று என்னாலும் சொல்ல முடியாது, ஆயின்ட்மென்ட் கொடுத்தவராலும் முடியாது. (முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டுவிட்டுப் பதறி ஓடி வருபவர்களும் உண்டு, உங்களுடையது அதுவல்ல.)

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முந்தியதோ அப்போதே கொலோனோஸ்கோபி செய்துவிட வேண்டும். ரத்தமே வராவிட்டாலும் நீங்கள் இரண்டு வருடம் தாமதம். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கே அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதில் தொடங்கச் சொல்கிறார்கள். இங்கே அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும்தான், பெருங்குடலுக்கு நாமாகத்தான் போக வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்ற சின்ன சதை வளர்ச்சியில்தான் ஆரம்பிக்கிறது. அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போல எடுத்துக்கொள்ளும். கேமராவில் பாலிப் தெரிந்தால் அதே குழாய் வழியாகக் கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே எடுத்துவிடுவோம், அது புற்றாக மாற வழியே இல்லை.

சரி, கூச்சம். மயக்க ஊசி போடுவதால் பலருக்கு நடந்ததே நினைவில் இருக்காது, வேலையும் அரை மணி நேரம்தான். உண்மையான கஷ்டம் முந்தின நாள். அதற்கும் முன்பே கீரை, கொய்யா, தக்காளி மாதிரி விதையும் நாரும் உள்ளதை நிறுத்திவிட்டு, முந்தின நாள் இளநீர், வடிகட்டிய ரசம், கஞ்சித் தண்ணீர் என்று ஓட்ட வேண்டும். அப்புறம் பேதி மருந்துப் பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி, பாதியை இரவும் மீதியை விடியற்காலையிலும் குடிக்கச் சொல்வார்கள். உப்புக் கரிக்கும், ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தால் இறங்கும். கடைசியில் வெளிர் மஞ்சள் தண்ணீராகப் போனால்தான் குடல் சுத்தம். குடல் சுத்தமில்லாவிட்டால் எந்த டாக்டர் பார்த்தாலும் பாலிப் தப்பிவிடும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவரானால் முன்கூட்டியே சொல்லுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், அன்று வண்டி ஓட்டக் கூடாது.

செலவுக்குப் பயந்தால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ரிசல்ட் நார்மல் என்றாலும் உங்கள் குடும்ப வரலாற்றுக்கு ஐந்து வருடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். சிகரெட், மது இருந்தால் விடுங்கள், எடையைக் குறையுங்கள், தட்டில் கம்பும் காய்கறியும் கூடட்டும். ஆனால் இவற்றைச் செய்கிறேன் என்று சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூடப் பிறந்தவர்கள் இருந்தால், அவர்களுக்கும் அதே 40 கணக்குதான். உங்கள் தேதியை வாங்கும்போதே அவர்களுக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.